ஊட்டியில் ஓர் இரவு: தண்ணீரும் சாக்கடையும்

2025 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து நீலகிரிக்கு வரும் சுற்றுலா வண்டிகளுக்கு ஒரு நாளைக்கு இத்தனை என்று ஒரு கணக்கு வந்தது. வார நாளில் 6,000, வாரக் கடைசியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. சென்னை உயர் நீதிமன்றம் ஜூன் மாதம் வரைக்கும் என்று போட்ட உத்தரவு இது. அதற்கு முந்தைய ஆண்டு மே 7-ஆம் தேதி இ-பாஸ் முறை தொடங்கியபோது எண்ணிக்கைக்கு வரம்பு வைக்கவில்லை. யார் வருகிறார், எந்த வண்டியில், எத்தனை பேர், எங்கே தங்கப்போகிறார் என்று தெரிந்துகொள்வதுதான் அப்போதைய நோக்கம். வரம்பு வந்ததும் வியாபாரிகள் கொதித்தார்கள். அந்த வாரமே நீலகிரியில் கடையடைப்பு நடந்தது.

இந்த உத்தரவைப் பெரும்பாலோர் போக்குவரத்து நெரிசலுக்கான மருந்து என்றே எடுத்துக்கொண்டார்கள். அதில் வியப்பில்லை. சீசன் நேரத்தில் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 20,000 வாகனங்கள் மலையேறுகின்றன என்று நீதிமன்றத்தில் கணக்குச் சொல்லப்பட்டது. கொண்டை ஊசி வளைவில் வரிசைகட்டி நிற்கும் வண்டிகளை எல்லோரும் பார்க்கிறார்கள். அந்த வண்டிகளில் வந்தவர்கள் விடுதிக்குப் போய், அறைக் கதவைச் சாத்தி, குழாயைத் திறந்த பிறகு மலைக்கு என்ன ஆகிறது என்பதை அநேகமாக யாரும் பார்ப்பதில்லை. பசுமை விடுதி, சூழல் சுற்றுலா என்றெல்லாம் விளம்பரத்தில் படிக்கிறோமே, அதன் உண்மையான கணக்கு அந்தக் குழாயில்தான் தொடங்குகிறது.

முதலில் தண்ணீர். வீட்டில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் வேண்டும் என்பது நம் நாட்டில் குடிநீர்த் திட்டம் போடும் பொறியாளர்களின் கணக்கு. தங்கும் விடுதி என்றால் ஒரு படுக்கைக்கு 180 லிட்டர். ஐந்து நட்சத்திரம் என்றால் 320. ஒரே ஆள்தான், வீட்டை விட்டு வெளியே வந்ததும் தாகம் கூடிவிடுவதில்லை. தினமும் மாறும் படுக்கை விரிப்பு, துண்டு, சமையலறை, தரை கழுவுதல், புல்வெளி, சில இடங்களில் நீச்சல் குளம் எல்லாம் அவர் கணக்கில் சேர்கின்றன. 6,000 வண்டிகளில் வண்டிக்கு நான்கு பேர் வீதம் 24,000 பேர். அத்தனை பேரும் ஓர் இரவு தங்கினால் 43 லட்சம் லிட்டர் வேண்டும். 12,000 லிட்டர் லாரியில் 360 நடை. வரம்பில்லாத நாளில் 20,000 வண்டி என்றால் 80,000 பேர். 2011 மக்கள்தொகைக் கணக்கில் உதகமண்டலம் நகராட்சியில் வாழ்ந்தவர்களே 88,430 பேர்தான். வந்தவர்கள் எல்லோரும் ஊட்டியில் தங்குவதில்லை, குன்னூர், கோத்தகிரி, மசினகுடி என்று பிரிகிறார்கள், காலையில் வந்து மாலையில் இறங்குகிறவர்களும் நிறைய. அவர்களையெல்லாம் கழித்துவிட்டாலும் ஊருக்குள் இன்னொரு ஊர் வந்து உட்கார்ந்துவிடுகிறது என்பது மாறாது.

அந்த இரண்டாவது ஊர் எந்த மாதத்தில் வருகிறது என்பதில்தான் சிக்கல். நீலகிரிக்குத் தென்மேற்குப் பருவமழை ஜூனில் தொடங்கும். அதற்கு முந்தைய ஏப்ரலும் மே மாதமும்தான் அணைகளிலும் ஊற்றுகளிலும் தண்ணீர் குறைந்திருக்கும் காலம். சமவெளியில் பள்ளி விடுமுறையும் அப்போதுதான். மலர்க் கண்காட்சியும் மே மாதத்தில்தான். ஊட்டி நகரம் பெரும்பகுதி பார்சன்ஸ் வேலி அணையையும், மார்லிமந்து, டைகர் ஹில், தொட்டபெட்டா போன்ற சிறு நீர்த்தேக்கங்களையும் நம்பி இருக்கிறது. இவையெல்லாம் சோலைக் காடும் புல்வெளியும் மழையைப் பிடித்துவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவதால் நிரம்புகிறவை. சேமிப்பு தேய்ந்திருக்கும் நேரத்தில்தான் செலவு உச்சத்தில் நிற்கிறது. நகராட்சிக் குழாய் போதாதபோது விடுதிக்காரர் லாரித் தண்ணீர் வாங்குகிறார். அந்த லாரி எங்கோ ஒரு கிணற்றிலிருந்தோ ஓடையிலிருந்தோ நிரப்பிக்கொண்டு வருகிறது. அதன் கீழே உள்ள கிராமத்தில் குடத்தோடு நிற்கிறவருக்கு அந்த விடுதியில் எத்தனை அறை இருக்கிறது என்று தெரியாது. விடுதியில் குளிக்கிறவருக்கும் அந்தக் கிராமத்தைத் தெரியாது.

அடுத்தது அந்தத் தண்ணீரைச் சூடாக்குவது. சமவெளி விடுதியில் மின்சாரத்தைத் தின்பது ஏ.சி. அங்கே கதை எளிது: ஏ.சி.யின் வெப்பநிலையை ஒரு டிகிரி கூட்டி வைத்தால் ஏறத்தாழ 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்கிறது மின்சார சிக்கனத்துக்கான மத்திய அமைப்பு. 2020 முதல் புதிய ஏ.சி. பெட்டிகள் 24 டிகிரியிலேயே தொடங்கும்படி செய்யவைத்ததும் அதுதான். மலையில் ஏ.சி.யின் இடத்தைக் கீசர் பிடித்துக்கொள்கிறது. 15 டிகிரியில் வரும் தண்ணீரை 40 டிகிரிக்குச் சூடாக்க, 20 லிட்டர் வாளி ஒன்றுக்குக் கிட்டத்தட்ட 0.6 யூனிட் ஆகும். ஷவரைத் திறந்து பத்து நிமிடம் நின்றால் நிமிடத்துக்கு 10 லிட்டர் வீதம் 100 லிட்டர். ஏறக்குறைய 3 யூனிட். முப்பது அறை விடுதியில் அறைக்கு மூன்று பேர் என்றால் வாளிக் குளியலுக்கு ஒரு நாளைக்கு 50 யூனிட் சொச்சம், ஷவர் குளியலுக்கு 260 யூனிட். விடுதி முதலாளிக்கு இந்த வித்தியாசம் மின்கட்டண ரசீதில் தெரியும். அதனால்தான் பழைய லாட்ஜ்களில் காலை ஆறிலிருந்து ஒன்பது வரைதான் வெந்நீர் என்று எழுதிப்போட்டிருப்பார்கள். வாடிக்கையாளர் முகம் சுளிக்கும் அந்தப் பலகை, சூழல் கண்ணோடு பார்த்தால், பல பசுமைச் சான்றிதழ்களைவிட நேர்மையானது.

இதற்கு மாற்று இருக்கிறது. வெயில் அடிக்கும் மாதங்களில் மொட்டைமாடி சூரியக் கீசர் நன்றாகவே வேலை செய்யும். மழையும் மூடுபனியும் பிடித்துக்கொண்ட வாரங்களில் கைவிட்டுவிடும். வெப்ப பம்ப் என்று ஒரு கருவி இப்போது பெரிய விடுதிகளுக்கு வந்திருக்கிறது. குளிர்சாதனப் பெட்டியைத் திருப்பிப் போட்டதுபோல வெளிக்காற்றின் சூட்டை உறிஞ்சித் தண்ணீருக்குக் கொடுக்கிறது; ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட் அளவு சூடு கிடைக்கும், கடுங்குளிரில் கொஞ்சம் குறையும். விறகு பாய்லர் வைத்திருப்பவர்களும் உண்டு. எந்த மரம், எங்கே வெட்டியது என்பதைப் பொறுத்து அது நல்லதாகவும் இருக்கலாம், கெட்டதாகவும் இருக்கலாம்.

இப்போது எல்லோருக்கும் பழகிப்போன துண்டு அட்டைக்கு வருவோம். ‘பூமியைக் காப்போம், துண்டைத் திரும்பப் பயன்படுத்துங்கள்’ என்ற வகையில் குளியலறையில் தொங்குகிறதே, அதுதான். அந்த அட்டையைக் கிண்டல் செய்து 1986-இலேயே அமெரிக்கச் சூழலியலாளர் ஜே வெஸ்டர்வெல்ட் எழுதினார். பவளப்பாறைகளைக் காக்கத் துண்டைத் திரும்பப் பயன்படுத்தச் சொன்ன ஒரு தீவு விடுதி, அதே நேரத்தில் புதிய கட்டடங்களைக் கட்டி விரிந்துகொண்டிருந்ததுதான் அவரை உறுத்தியது. அவர் கேட்டது நியாயமான கேள்வி. ஆனாலும் துண்டு விஷயத்தை வெறும் வேஷம் என்று தள்ளிவிடவும் முடியாது. துவைக்க வெந்நீர் வேண்டும், சோப்புத்தூள் வேண்டும். வெயில் இல்லாத மலையில் உலர்த்த இயந்திரம் வேண்டும். ஒரு நாள் துவைக்காமல் விட்டால் மூன்றும் மிச்சம்.

எப்படிச் சொன்னால் விருந்தாளி கேட்பார் என்று சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 2008-இல் கோல்ட்ஸ்டீன், சியால்டினி, கிரிஸ்கெவிசியஸ் என்ற மூவர் வெளியிட்ட ஆய்வு அது. ஒரே விடுதியின் வெவ்வேறு அறைகளில் வெவ்வேறு அட்டைகளை வைத்தார்கள். சூழலைக் காப்பாற்றுங்கள் என்று கேட்ட அட்டைக்கு 35 சதவீதம் பேர் இணங்கினார்கள். இங்கே தங்குகிறவர்களில் பெரும்பாலோர் துண்டைத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள் என்று சொன்ன அட்டைக்கு 44 சதவீதம். அடுத்த சோதனையில், இதே அறையில் தங்கியவர்கள் அப்படிச் செய்தார்கள் என்று சொன்னபோது கிட்டத்தட்ட பாதிப் பேர். உபதேசத்தைவிடப் பக்கத்து வீட்டுக்காரர் என்ன செய்கிறார் என்பதுதான் மனிதனை அசைக்கிறது என்பது நம் தெருவில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. காகிதத்துக்குச் செலவாகும் அதே காசில் இன்னும் நல்ல வாசகத்தை அச்சடிக்கலாமே என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஒரு படுக்கைக்கு உள்ளே வந்த அதே 180 லிட்டர் வெளியே போகவும் வேண்டும். விளம்பரப் படங்களில் ஒருபோதும் வராத பகுதி இதுதான். சாக்கடைக் குழாய் எட்டாத சரிவுகளில் இருக்கும் காட்டேஜ்களும் ஹோம்ஸ்டேக்களும் செப்டிக் டேங்கை நம்பியிருக்கின்றன. செப்டிக் டேங்க் எப்படி வேலை செய்கிறது? கழிவு உள்ளே வந்து ஒன்றிரண்டு நாள் அசையாமல் நிற்கும். கனமானது அடியில் கசடாகப் படியும். காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் அதை மெல்லச் செரிக்கும். மேலே நிற்கும் நீர் அடுத்த பக்கம் வழிந்து உறிஞ்சுகுழிக்குப் போய் மண்ணில் இறங்கும். அந்த நீர் தெளிவாகத் தெரிந்தாலும் கிருமிகளும் கரைந்த அழுக்கும் அதில் அப்படியே இருக்கும். மிச்ச வேலையை மண்தான் செய்ய வேண்டும்.

இருபது பேருக்கு என்று கட்டிய தொட்டி, மே மாதத்தில் அறுபது பேரைத் தாங்குகிறது. ஒன்றிரண்டு நாள் நிற்க வேண்டிய கழிவு சில மணி நேரத்திலேயே மறுபக்கம் தள்ளப்படுகிறது. படிய வேண்டிய கசடும் கூடவே போகிறது. கழிவறையில் ஊற்றும் வீரியமான அமிலமும் பிளீச்சிங்கும் செரிக்கும் நுண்ணுயிர்களையும் சேர்த்துக் கொல்கின்றன. சமவெளியில் உறிஞ்சுகுழிக்குக் கீழே ஆழமான மண் இருக்கும். மலைச்சரிவில் பல இடங்களில் மண் படலம் மெல்லியது, அடியில் பாறை. உறிஞ்சப்படாத நீர் பாறையின் மேல் ஊர்ந்து கீழே எங்கேயாவது ஊற்றாக எட்டிப்பார்க்கும். அந்த ஊற்று வேறு யாருடைய குடிநீராகவோ இருக்கலாம். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கசடை அள்ளவேண்டும் என்பது விதி. அள்ளுகிறார்களா, அள்ளிய லாரி எங்கே கொட்டுகிறது என்று யாரும் கேட்பதில்லை.

பெரிய விடுதிகள் சொந்தமாகச் சுத்திகரிப்பு நிலையம் வைத்திருப்பார்கள். அதற்கும் ஒரு நோய் உண்டு, அதைப் பற்றி அதிகம் பேச்சு இல்லை. அந்த நிலையத்தை ஓட்டுவது இயந்திரம் மட்டும் அல்ல, உள்ளே வளரும் நுண்ணுயிர்க் கூட்டமும்தான். அதற்குத் தினமும் ஒரே அளவு தீனி வேண்டும். ஆஃப் சீசனில் அறைகள் காலியாகக் கிடக்கும்போது அவை பட்டினியில் சுருங்குகின்றன. சீசன் முதல் வாரத்தில் திடீரென்று பல மடங்கு கழிவு வந்து விழும்போது திணறுகின்றன. அந்தக் கூட்டம் மறுபடி பெருகி நிதானத்துக்கு வர வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் சீசனின் ஒரு பகுதி முடிந்துவிடும். காகிதத்தில் பார்த்தால் நிலையம் இருக்கிறது, கொள்ளளவும் போதுமானது. ஓடையில் இறங்கும் நீர் அப்படிச் சொல்லாது.

கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1820-களில் ஊற்று நீரைத் தேக்கி உண்டாக்கிய ஊட்டி ஏரிக்கு இன்று கோடப்பமந்து கால்வாய் வழியாக ஊரின் கழிவும் சேர்ந்து வருகிறது. படகுச் சவாரி அதன் மேல்தான். ஏரியோடு கதை முடிவதும் இல்லை. நீலகிரியின் கிழக்கிலும் வடக்கிலும் இறங்கும் ஓடைகள் பவானி வழியாகவோ மோயாறு வழியாகவோ கடைசியில் பவானிசாகரைச் சேர்கின்றன. ஊட்டியில் குளித்த தண்ணீரோடு ஈரோட்டு வயலுக்கும் உறவு இருக்கிறது.

சாக்கடையை அலட்சியம் செய்த சுற்றுலாத் தலம் எங்கே போய் நிற்கும் என்பதற்குப் பிலிப்பைன்ஸின் போராக்காய் தீவு ஒரு சான்று. சுமார் பத்துச் சதுர கிலோமீட்டர் தீவு. வெண்மணல் கடற்கரைக்கு உலகப் புகழ். விடுதிகளின் கழிவு சுத்திகரிக்கப்படாமல் கடலுக்குள் போய், கரையோரம் பச்சைப் பாசி படர்ந்தது. நாட்டின் அதிபர் அதைக் கழிவுக் குட்டை என்றே திட்டிவிட்டு, 2018 ஏப்ரல் 26-இல் ஆறு மாதத்துக்குத் தீவையே மூடினார். ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். அக்டோபரில் மறுபடி திறந்தபோது ஒரே நேரத்தில் 19,215 சுற்றுலாப் பயணிகளுக்கு மேல் இருக்கக்கூடாது என்று வரம்பு வைத்தார்கள். கழிவுநீர் இணைப்புச் சரியாக இருக்கும் விடுதிகளுக்கே அனுமதி என்றார்கள். அங்கே எண்ணியது தீவில் இருக்கும் தலைகளை. நீலகிரியில் எண்ணியது வாசலில் நுழையும் வண்டிகளை. இந்த வித்தியாசத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பஃபே மேசையில் கடைசி ஆள் வரும்வரை எல்லாப் பாத்திரமும் நிறைந்திருக்க வேண்டும் என்பது விடுதித் தொழிலின் மரியாதை. அந்த மரியாதையின் விலை இரவு பதினொரு மணிக்குக் குப்பைத் தொட்டிக்குப் போகிறது. 2022-இல் உலகில் வீணான உணவில் 28 சதவீதம் உணவகம், விடுதி போன்ற இடங்களில் வீணானது என்று ஐ.நா. சூழல் அமைப்பு கணக்கிட்டது. மலையில் இதற்கு இன்னொரு முகம் உண்டு. விடுதிக்குப் பின்னால் திறந்து கிடக்கும் எச்சிலுக்குக் கரடி வரும், காட்டுப்பன்றி வரும், குரங்குக் கூட்டம் வரும். ருசி கண்ட கரடி அடுத்த முறை பேக்கரிக் கதவையே உடைக்கும். கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் இது செய்தியாகக்கூட வியப்பூட்டுவதில்லை. பிறகு கூண்டு வைத்துப் பிடிக்கிறார்கள், தண்டனை கரடிக்கு.

பாட்டில் விஷயத்தில் நீலகிரிக்கு ஒரு பெருமை உண்டு. தமிழ்நாடு முழுவதும் 2019 ஜனவரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கைத் தடைசெய்வதற்குப் பல ஆண்டுகள் முன்பே, 2000-களின் தொடக்கத்தில், இந்த மாவட்டம் பிளாஸ்டிக்கை எதிர்த்து இயக்கம் நடத்தியது. தண்ணீர் பாட்டிலுக்கும் பின்னர் தடை வந்தது. சாலையோரம் குடிநீர் ஏ.டி.எம். இயந்திரங்கள் வைக்கப்பட்டன. தடையைவிடச் சுவாரசியமானது மதுக் கண்ணாடி பாட்டிலுக்குச் செய்த ஏற்பாடு. காட்டோரம் வீசி உடைத்த பாட்டில்கள் யானையின் காலைக் கிழிக்கின்றன என்ற கவலையில் வழக்கு நடந்து, உயர் நீதிமன்றம் சொன்னதன்பேரில் 2022 மே மாதம் டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பத்து ரூபாயைத் திருப்பித் தரும் முறை நீலகிரியில் தொடங்கியது. குடித்தவர் திருப்பித் தராவிட்டாலும் வேறு யாராவது பொறுக்கிக் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். யாருடைய மனசாட்சியையும் தட்டியெழுப்பத் தேவைப்படவில்லை. பின்னர் இந்த முறை வேறு மாவட்டங்களுக்கும் போனது.

இதுவரை சொன்னது எல்லாம் மலைக்குள் நடப்பது. மலைக்கு வந்து சேர்வதற்கான கணக்கு வேறு. சென்னையிலிருந்து ஊட்டி சுமார் 550 கிலோமீட்டர். போய் வர 1,100. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் பெட்ரோல் கார் 73 லிட்டர் குடித்து ஏறக்குறைய 170 கிலோ கரியமில வாயுவை விடும். முன்பு பார்த்த ஒரு வாளி வெந்நீருக்கு, நம் நாட்டு மின்சாரத்தில், அரை கிலோவுக்கும் குறைவு. அதாவது ஒரு காரின் பயணம் 400 வாளி வெந்நீருக்கு மேல். குடும்பம் நாலு நாள் தங்கி ஒவ்வொரு வேளையும் சிக்கனமாகக் குளித்தாலும் போய்வரும் வழியில் விட்ட புகையில் பாதியைக்கூட ஈடுகட்ட முடியாது. உலக அளவிலும் இதே கதைதான். 2019-இல் மனிதர் வெளியிட்ட பசுங்குடில் வாயுக்களில் 8.8 சதவீதம் சுற்றுலாவால் வந்தது என்று 2024-இல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் அது ஆண்டுக்கு 3.5 சதவீதம் வளர்ந்திருக்கிறது. அதில் பெரும்பங்கு போக்குவரத்துக்கு, குறிப்பாக விமானத்துக்கு. நீலகிரி எக்ஸ்பிரஸில் மேட்டுப்பாளையம் வந்து, அங்கிருந்து அரசுப் பேருந்தோ மலை ரயிலோ ஏறுகிறவர் எந்த அட்டையும் தொங்கவிடாமலே பெரிய வேலையைச் செய்துவிடுகிறார். மலை ரயிலில் இடம் கிடைப்பது அவரவர் அதிர்ஷ்டம்.

இந்த இரண்டு கணக்கையும் கலக்காமல் வைத்துக்கொள்வது முக்கியம். காரின் புகை உலகத்துக்கே பொதுவான வானத்தில் கலக்கிறது. அதை வேறு எங்காவது குறைத்தாலும் பலன் உண்டு. தண்ணீரும் சாக்கடையும் அப்படி இல்லை. ஊட்டியில் எடுத்த நீரை ஊட்டியில்தான் எடுத்தார்கள், அங்கே விட்ட கழிவு அங்கேதான் இறங்குகிறது. பசுமை விளம்பரங்களின் சாமர்த்தியம் ஒன்றைக் காட்டி இன்னொன்றை மறைப்பதில் இருக்கிறது. ‘ஒவ்வொரு விருந்தாளியின் பெயரிலும் ஒரு மரம் நடுகிறோம்’ என்பார்கள். மரம் நல்லதுதான். செப்டிக் டேங்க் அதனால் நிறையாமல் இருக்காது. நீலகிரியில் இன்னொரு விபரீதமும் உண்டு: இயற்கையான புல்வெளியில் மரம் நடுவதே கேடு. வாட்டிலும் யூகலிப்டஸும் அப்படி நட்டு வளர்ந்தவைதான்.

சான்றிதழ்களும் ஏறக்குறைய இதே குறையுள்ளவை. லீட் போன்றவை பெரும்பாலும் கட்டடத்தை அளக்கின்றன. சில சான்றிதழ்கள் ஓர் அறைக்கு, ஓர் இரவுக்கு எவ்வளவு தண்ணீர், எவ்வளவு மின்சாரம் என்று பார்க்கின்றன. அது தேவையான கணக்கு, மீட்டர் வைத்து அளக்கிற விடுதி அளக்காத விடுதியைவிட எப்போதும் மேல். ஆனால் ஓர் அறைக்கான செலவை இருபது சதவீதம் குறைத்துவிட்டு அறைகளின் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கினால் மொத்தச் செலவு 60 சதவீதம் கூடும். விடுதிக்குச் சான்றிதழ் கிடைக்கும், ஊருக்குத் தண்ணீர் கிடைக்காது.

இடமே தவறாக இருந்தால் வேறு எதைச் சரிசெய்தும் பயனில்லை. மசினகுடியை ஒட்டிய சீகூர் பீடபூமி, மேற்குத் தொடர்ச்சி மலையையும் கிழக்குத் தொடர்ச்சி மலையையும் இணைக்கும் யானை வழி. அங்கே காட்டு வாழ்க்கையைக் காட்டுகிறோம் என்று சொல்லியே ரிசார்ட்டுகள் முளைத்தன. வேலி போட்டார்கள், இரவில் விளக்குப் போட்டார்கள். யானை வழியை அறிவித்த அரசாணை 2010-இல் வந்தது. 2011-இல் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் போய், 2018 ஆகஸ்டில் அனுமதி இல்லாத ரிசார்ட்டுகளுக்குச் சீல் வைக்க உத்தரவு வந்தது. 2020 அக்டோபரில் இறுதித் தீர்ப்பும் யானைக்கே சாதகமாக அமைந்தது. அந்தத் தீர்ப்பு வந்து சுமார் மூன்று மாதத்தில், தங்கும் இடம் ஒன்றின் அருகே வந்த யானையின் மேல் எரியும் டயரை எறிந்த வீடியோவை நாடே பார்த்தது. அந்த யானை பிழைக்கவில்லை. ஒரு ரிசார்ட்டின் கூரை முழுக்க சூரியத் தகடு போட்டு, மூங்கில் பல்துலக்கி கொடுத்து, காய்கறிக் கழிவை உரமாக்கினாலும் அது யானை நடக்கும் பாதையில் நின்றால் நின்றதுதான்.

இனி தொடக்கத்தில் சொன்ன அந்த 6,000 வண்டி வரம்புக்கு வருகிறேன். வண்டியை எண்ணுவது எளிது, சோதனைச்சாவடியில் நின்றால் போதும். அதனால்தான் அங்கே தொடங்கினார்கள் என்று நினைக்கிறேன். மலை எவ்வளவு தாங்கும் என்று கண்டறியும் வேலை ஐ.ஐ.டி. சென்னையிடமும் ஐ.ஐ.எம். பெங்களூரிடமும் ஒப்படைக்கப்பட்டது. வண்டிக் கணக்கில் இரண்டு ஓட்டை இருக்கிறது. காலையில் வந்து பூங்காவைப் பார்த்துவிட்டு மாலையில் இறங்குகிறவரும், மூன்று இரவு குளியல் தொட்டியுள்ள அறையில் தங்குகிறவரும் அதில் ஒன்றே. இன்னொன்று, எத்தனை அறை இருக்கலாம் என்ற கேள்வியை அது தொடவில்லை. அறைகள் பெருகப் பெருக அவற்றை நிரப்ப வேண்டிய கட்டாயமும் பெருகும். கடையடைப்புச் செய்த வர்க்கிக் கடைக்காரருக்கும், வாடகை டாக்சி ஓட்டுநருக்கும், குதிரைக்காரருக்கும் கோபம் வந்ததில் எனக்கு வியப்பில்லை. அவர்கள் வருமானம் வண்டி எண்ணிக்கையோடு நேராகக் கட்டப்பட்டது. அறைக்குப் பத்தாயிரம் வாங்கும் ரிசார்ட்டுக்கு அந்தக் கவலை அவ்வளவு இல்லை. வாசலில் மட்டும் வரம்பு வைத்தால் அடி கீழே இருப்பவர் மேல்தான் முதலில் விழும். அறை எண்ணிக்கைக்கும், ஒவ்வொரு விடுதியும் காட்டும் தண்ணீர்க் கணக்குக்கும், கழிவுநீர்க் கணக்குக்கும் வரம்பு வந்தால்தான் சுமை கொஞ்சமாவது நியாயமாகப் பிரியும்.

தங்கப்போகிறவர் என்ன செய்யலாம்? முன்பதிவு செய்யும்போது தொலைபேசியில் இரண்டு கேள்வி கேட்டுப்பாருங்கள். தண்ணீர் நகராட்சிக் குழாயா, சொந்தக் கிணறா, லாரியா? கழிவுநீர் எங்கே போகிறது? நல்ல மேலாளருக்கு இரண்டுக்கும் பதில் தெரிந்திருக்கும். சிலர் பெருமையாகச் சொல்வார்கள், சமையலறை நீரைத் தனியாக எண்ணெய் பிரித்து விடுகிறோம், சுத்திகரித்த நீரைத் தோட்டத்துக்கு விடுகிறோம் என்று. ‘சார், அதெல்லாம் ஒண்ணும் பிரச்சனை இல்ல, நீங்க வாங்க’ என்று பதில் வந்தால் அதுவும் ஒரு தகவல்தான்.

மற்றபடி பெரிய வித்தியாசத்தைச் செய்வது மாதத்தை மாற்றுவது. பள்ளிக் குழந்தைகள் இல்லாதவர்களுக்கு மே மாத ஊட்டி தேவையே இல்லை. செப்டம்பரில் இரண்டாம் சீசன் என்று பூங்காவில் மலர்கள் தயாராக இருக்கும், அணைகளில் தென்மேற்குப் பருவமழை விட்டுப்போன தண்ணீர் இருக்கும், அறை வாடகையும் பொதுவாகக் குறையும். சுத்திகரிப்பு நிலையத்துக்குத் தீனி கிடைக்கும், விடுதி ஊழியருக்குச் சீசன் இல்லாத மாதத்திலும் சம்பளம் வரும். நவம்பரில் வடகிழக்குப் பருவமழை பலமாக இறங்கினால் குன்னூர்ப் பாதையில் மண் சரியும், மலை ரயிலும் நிறுத்தப்படும்; அந்த மாதத்தைத் தவிர்ப்பது நல்லது. ஜனவரியில் போகிறவர்கள் கம்பளி எடுத்துக்கொள்ளுங்கள், தலைகுந்தா பக்கம் விடியற்காலையில் புல்லெல்லாம் உறைபனியாக இருக்கும்.